ஆறாத கால் புண்ணும் ஒளி ஏற்றிய துகள்களும்: தோட்டத் தொழிலாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நோயாளி 54 வயதுப் பெண். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். பத்து வருடத்துக்கும் மேலாகச் சீனி வியாதி. மாத்திரை கையில் இருக்கும் மாதங்களில் குடிப்பார், தீர்ந்துபோனால் அடுத்த கிளினிக் வரை சும்மா இருப்பார். இடது கணுக்காலுக்கு மேலே ஆறாத புண், காய்ச்சல், சிவந்து வீங்கிய கால் என்று காயம்பட்ட ஏழாவது வாரத்தில் அனுமதிக்கப்பட்டார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மிக நுண்ணிய துகள்களைப் பூசி, ஒளி கொடுத்துக் கிருமியைக் கொல்லும் நனோ சிகிச்சை எதுவும் இவருக்குக் கொடுக்கப்படவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வழக்கமான சிகிச்சையில்தான் புண் ஆறியது. வார்டில் இருந்தபோது அவருடைய மகன் தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டி, "சார், தங்கத் துகளப் பூசி லைட் அடிச்சா அஞ்சு நிமிஷத்துல கிருமி செத்துருமாமே, நம்ம நாட்டுல எங்கயாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் மூன்று மருந்து தோற்ற காலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மகன் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி அது. அந்தச் சிகிச்சை கைக்கு எட்டியிருந்தால் இந்தக் காலில் எந்தக் கட்டத்தில் உதவியிருக்கும், எந்தக் கட்டத்தில் உதவியிருக்காது என்று பார்ப்பதுதான் இந்த எழுத்தின் வேலை.

புண் வந்த வழி

கவ்வாத்து வெட்டிய மலை ஓரமாக இறங்கும்போது, வெட்டுப்பட்ட தேயிலைக் கட்டை ஒன்று காலைக் கிழித்திருக்கிறது. கத்தி சாய்வாக இறங்கிய கட்டையின் முனை எவ்வளவு கூர் என்பது தோட்டத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஒரு அங்குலக் கீறல்தான். பீலித் தண்ணீரில் கழுவி, மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் மலைக்குப் போயிருக்கிறார். மழைக்காலம் வேறு. இடுப்பில் படங்கு கட்டியிருந்தாலும் முழங்காலுக்குக் கீழே நாள் முழுக்க ஈரம்தான்.

"கால் வலிக்கவில்லையா அம்மா?" என்று கேட்டேன்.

"வலிச்சா நின்னிருப்பேனே டொக்டர் ஐயா. மரத்துப்போன காலு. அதோட கொழுந்து கொறைஞ்சா அரைப்பேருதான் போடுவாங்க."

அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். மரத்துப்போன கால் என்ற பேச்சைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒளிச் சிகிச்சைக்கு வரும்போது அது வேறொரு காரணத்துக்காகத் தேவைப்படும்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். ஆறவில்லை என்றதும் டவுனில் ஒரு மருந்துக் கடையில் அமொக்சிசிலின், மூன்று நாளைக்கு. பிறகு ஒரு தனியார் வைத்தியரிடம் குளோக்சசிலின். ஐந்தாம் நாள் வீக்கம் வற்றியதும் நிறுத்திவிட்டார். மறுபடி சீழ் வைத்ததும் கோ-அமொக்சிக்ளேவ். இந்த ஆறு வாரத்தில் புண்ணிலிருந்து ஒருமுறைகூட மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படவில்லை.

வார்டில் கண்டது

புண் 6 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம். அடியில் மஞ்சளாக வழுவழுப்பான படலம், துடைத்தால் வரும், அடுத்த கட்டு மாற்றும்போது திரும்ப இருக்கும். சுற்றிலும் நான்கு விரற்கடை அளவுக்குச் சிவப்பும் சூடும். காய்ச்சல் 38.6 பாகை. இரத்தத்தில் சீனி 342, கடந்த சில மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 11.4 சதவீதம். பாதத்தில் நாடி இரண்டு இடத்திலும் கைக்குப் பட்டது, ஆனால் மெலிவாக. நைலோன் இழையால் தொட்டால் பாதத்தின் பெரும்பகுதியில் உணர்ச்சி இல்லை. எக்ஸ்ரேயில் எலும்புக்குப் பாதிப்புத் தெரியவில்லை.

அழுகிய தசையைச் சுரண்டி எடுத்து, அடியிலிருந்து ஒரு துண்டை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினோம். மேலோட்டமாகப் பஞ்சில் துடைத்து அனுப்பினால் தோலில் சும்மா குடியிருக்கும் கிருமியெல்லாம் சேர்ந்து வளர்ந்து குழப்பும். முடிவு எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெதிசிலின் என்ற மருந்துக்கு மசியாத ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் கிருமி, என்று வந்தது. குளோக்சசிலின், எரித்ரோமைசின், சிப்ரோஃப்ளொக்சசின் மூன்றும் வேலை செய்யாது. கிளிண்டமைசின் முதலில் கேட்பதுபோல் தெரிந்து, எரித்ரோமைசினைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் டி சோதனையில் கேட்காது என்று வந்தது. வன்கோமைசின், லினசோலிட், டொக்சிசைக்ளின், கோ-ட்ரைமொக்சசோல் கேட்கும்.

மூன்று வைத்தியம் பார்த்தும் கேட்கவில்லை என்று வீட்டார் சொன்னார்கள். கிருமியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த மூன்றும் ஒரே வைத்தியம். அமொக்சிசிலின், குளோக்சசிலின், கோ-அமொக்சிக்ளேவ் எல்லாமே பீட்டா-லக்டம் குடும்பம். கிருமி தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு கட்டுமானத்தை நிறுத்துவதுதான் இவற்றின் வேலை. எம்.ஆர்.எஸ்.ஏ.யிடம் மெக்-ஏ என்ற மரபணு இருக்கிறது. அது பி.பி.பி.2ஏ என்ற மாற்றுப் புரதத்தைச் செய்து தருகிறது. மருந்து அதில் சரியாக ஒட்டாது, சுவர் வேலை தடையில்லாமல் நடக்கும். இது புதிய தந்திரமும் கிடையாது. அதே குடும்பத்து மெதிசிலின் 1959இல் வந்தது, 1961இலேயே அதற்கு மசியாத ஸ்டபிலோகொக்கஸ் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டுவிட்டது. இந்தக் காலில் எம்.ஆர்.எஸ்.ஏ. முதல் நாளே இருந்ததா, அரைகுறை மருந்துகள் மற்றதையெல்லாம் கொன்று இதை மட்டும் மிச்சம் வைத்தனவா என்று சொல்ல வழியில்லை.

நாளம் வழியாக வன்கோமைசின், சிறுநீரகத்தைக் கண்காணித்தபடி. இன்சுலின். காய்ச்சல் விட்டுச் சிவப்பு தணிந்ததும் டொக்சிசைக்ளின் மாத்திரை. இதுவரை பாடப்புத்தகம்தான். சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை, சீனியும் இறங்கிவிட்டது, ஆனால் புண்ணின் அடியில் அந்த மஞ்சள் படலம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. தோல் ஒட்டு வைக்க முடியாமல் வாரங்கள் போயின.

ஒளி எப்படிக் கொல்கிறது

அந்தப் படலத்தில் கிருமிகள் தனித்தனியாக இருப்பதில்லை. தாங்களே சுரந்த பசைக்குள் கூட்டமாகப் புதைந்திருக்கும். உயிர்ப்படலம் என்பது இதைத்தான். ஆழத்தில் இருப்பவை கிட்டத்தட்ட உறக்கத்தில் இருக்கும், சுவர் கட்டுவதில்லை, பெருகுவதில்லை. வளரும் கிருமியின் வேலையைக் குழப்பித்தான் பெரும்பாலான அன்டிபயோட்டிக் கொல்கிறது. வேலையே செய்யாத கிருமியில் எதைக் குழப்புவது? அதனால் ஆய்வுகூடத் தாளில் "கேட்கும்" என்று இருக்கும் மருந்தும் படலத்தில் கேட்காமல் போகிறது.

ஒளிச் சிகிச்சைக்கு இந்தக் கட்டுப்பாடு குறைவு. கிருமி விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று அது பார்ப்பதில்லை. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒளியை உறிஞ்சும் பொருள் பக்கத்திலுள்ள ஒட்சிசனைக் கிளறிவிட்டு, கண்டதையெல்லாம் எரிக்கும் வடிவத்துக்கு மாற்றுவது. மற்றது, உறிஞ்சிய ஒளியை அப்படியே சூடாக்குவது. தங்கத் துகள்கள் பெரும்பாலும் இரண்டாவது ரகம். ஏறத்தாழ 10 நனோமீற்றர் (மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர்) தடிப்பும் 40 நனோமீற்றர் நீளமும் உள்ள தங்கக் குச்சிகள் 800 நனோமீற்றர் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை அபாரமாக உறிஞ்சும். ஸ்டபிலோகொக்கஸ் ஒன்று சுமார் 1000 நனோமீற்றர் குறுக்களவு. ஒரு கிருமியின் மேல் நூற்றுக்கணக்கில் ஒட்டலாம்.

முதல் வழிக்கு வயது அதிகம். 1900ஆம் ஆண்டளவில் மியூனிக்கில் ஒஸ்கார் ராப் என்ற மாணவர் அக்ரிடின் சாயத்தில் பரமேசியம் என்ற ஒற்றைக்கல உயிரிகளை இட்டுப் பார்த்தார். ஒரே அளவு சாயம், ஆனால் ஒருமுறை சீக்கிரம் சாகின்றன, இன்னொருமுறை தாக்குப்பிடிக்கின்றன. வித்தியாசம் மேசையில் விழுந்த வெளிச்சம். வாரக்கணக்கில் மூட்டம் போட்டிருக்கும் எங்கள் பக்கத்தில் அதைச் செய்திருந்தால் சாயம் சாது என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார்.

கிளறிவிடப்பட்ட ஒட்சிசனால் அதிக தூரம் போக முடியாது. பிறந்த இடத்திலிருந்து நூறு நனோமீற்றர் அளவுக்குள்ளேயே அதன் ஆயுள் முடிந்துவிடும். இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. நம் கலங்களுக்குப் பாதிப்புக் குறைவு, ஆனால் துகள் கிருமியைத் தொட்டுக்கொண்டு இருந்தாக வேண்டும். கிருமியின் மேற்பரப்பு எதிர் ஏற்றமுடையது என்பதால் துகளுக்கு நேர் ஏற்றம் கொடுத்து ஒட்டவைக்கிறார்கள். நனோ என்று மெனக்கெடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். வெறும் சாயத்தை ஊற்றினால் சீழிலுள்ள புரதங்களே பாதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சவ்வு, புரதம், டி.என்.ஏ. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தாக்குவதால், ஒரு மரபணுவை மாற்றிக்கொண்டு கிருமி தப்புவது கடினம். மெக்-ஏ இங்கே உதவாது. ஆனால் எதிர்ப்பே வராது என்று காணொளிகளில் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். சூட்டையும் ஒட்சிசன் தாக்குதலையும் தாங்கும் தற்காப்புப் புரதங்கள் கிருமிகளிடம் ஏற்கெனவே உண்டு. குறைந்த அளவில் ஒளி கொடுத்தால் அவற்றைத் தட்டி எழுப்பிவிட்டதாகத்தான் முடியும்.

மஞ்சளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சளிலுள்ள குர்குமின் உண்மையிலேயே ஒளியால் தூண்டப்படும் பொருள். 420 நனோமீற்றரை ஒட்டிய நீல ஒளியில் அது கிருமியைக் கொல்லும். தண்ணீரில் சரியாகக் கரையாது என்பதால் அதை நனோ துகளுக்குள் அடைத்துப் பார்க்கிறார்கள். அதற்காக லயத்து வீட்டில் அரைத்த மஞ்சள் இதைச் செய்தது என்று ஆகிவிடாது. அம்மியிலிருந்து வந்த விழுது, அளவில்லாத குர்குமின், மேலே கட்டிய துணி, அதற்கு மேல் மூட்டம். நீல ஒளி தசைக்குள் ஒரு மில்லிமீற்றர் இறங்குவதே சிரமம்.

இந்தக் காலில் வைத்துப் பார்த்தால்

முதல் வாரத்தில் இது தேவையே இல்லை. கழுவி, கட்டி, காலுக்கு ஓய்வு கொடுத்துச் சீனியைக் கட்டுப்படுத்தியிருந்தால் ஒரு அங்குலக் கீறல் தானாக மூடியிருக்கும்.

அனுமதித்த அன்று கொடுத்திருந்தாலும் ஆபத்தைத் தடுத்திருக்காது. நான்கு விரற்கடைக்குப் பரவிய சிவப்பில், தோலுக்கு அடியில், கிருமி இருந்தது. 660 நனோமீற்றர் சிவப்பு ஒளி தசைக்குள் சில மில்லிமீற்றர்தான் உருப்படியாகப் போகும். அகச்சிவப்பு இன்னும் கொஞ்சம் போகும், ஆனால் பூசிய துகள் அந்த ஆழத்துக்கு வரவேண்டுமே. காய்ச்சலோடு வந்தவருக்கு நாளத்தில் மருந்து ஏற்றாமல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் காலோடு ஆளையும் இழந்திருக்கலாம்.

இந்தச் சிகிச்சைக்கு இடம் மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது. சுரண்டி எடுத்த பிறகு, தோல் ஒட்டுக்கு முன்பு. படலத்தைச் சுரண்டினால் முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குக் கிருமி அம்பலப்பட்டு நிற்கும். மூன்று நாளுக்குள் படலம் மறுபடி முதிர்ந்துவிடும். எங்களைக் கட்டிப்போட்டது அந்த இடைவெளிதான். கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் சுரண்டி, துகள் பூசி, ஒளி கொடுத்திருந்தால் அந்தச் சுழற்சியை உடைத்திருக்கலாம் என்று நினைக்க நல்ல நியாயம் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராம் தசையில் ஒரு இலட்சத்துக்கு மேல் கிருமி இருந்தால் ஒட்டு பிடிப்பது சந்தேகம் என்பது பழைய அறுவைச் சிகிச்சை விதி. புண்ணில் கிராமுக்கு ஒரு கோடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 99 சதவீதம் கொன்றது என்றால் மிச்சம் ஒரு இலட்சம், சரியாக அந்தக் கோட்டிலேயே நிற்கும். 99.9 என்றால் மிச்சம் பத்தாயிரம், ஒட்டு வைக்கலாம். விளம்பரத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் எங்கள் முடிவு இருக்கிறது. அந்த மிச்சமும் ஒளியை அணைத்த அடுத்த நிமிடமே பெருகத் தொடங்கும். மருந்தைப்போல உடம்பில் தங்கி வேலை செய்யும் குணம் ஒளிக்கு இல்லை.

ஒளியின் அளவு பெரிய விஷயமில்லை. சதுர சென்ரிமீற்றருக்கு 100 மில்லிவாட் வீதம் பத்து நிமிடம் கொடுத்தால் 60 ஜூல். இந்தப் புண்ணின் 24 சதுர சென்ரிமீற்றருக்கு இரண்டரை வாட் அளவு ஒளி சீராக விழுந்தால் போதும், எல்.ஈ.டி. விளக்கால் முடியும். ஆனால் சுரண்டிய புண்ணில் இரத்தம் கசியும். இரத்தமே ஒளியைக் குடித்துவிடும், முதலில் அதை நிறுத்தியாக வேண்டும். அப்புறம் ஒட்சிசன். நாடி மெலிந்த நீரிழிவுக் காலில், படலத்தின் அடியில், ஒட்சிசன் ஏற்கெனவே தட்டுப்பாடு. கிளறிவிடுவதற்கே ஆள் இல்லாத இடத்தில் முதல் வழி சோர்ந்துபோகும்.

அப்படியானால் சூட்டு வழிக்குப் போகலாமா? ஒட்சிசன் தேவையில்லை என்பது பெரிய வசதி. ஆனால் சூட்டால் மட்டும் கிருமியைக் கொல்ல 50 பாகைக்கு மேலே போகவேண்டும், நம் தசையோ 45ஐத் தாண்டி நீடித்தாலே வேகத் தொடங்கும். மற்றவர்களிடம் ஒரு பாதுகாப்பு உண்டு: சுட்டால் காலை இழுத்துக்கொள்வார்கள். இவர் இழுக்கமாட்டார். வெந்நீர் ஒத்தடத்தில் கால் வெந்து வருகிற நீரிழிவு நோயாளிகளை வார்டில் பார்க்கிறோம். உணர்ச்சியற்ற காலில் லேசர் சூடு கொடுப்பதென்றால் வெப்பநிலையைத் தொடர்ந்து காட்டும் கருவி ஒன்று பக்கத்தில் இருந்தே தீரவேண்டும். தோலின் நிறமும் கணக்கில் வரும். புண்ணைச் சுற்றியுள்ள கறுத்த தோலில் மெலனின் அதிகம். அது ஒளியைத் தானே உறிஞ்சிச் சூடாகும், சிவப்பு ஒளியில் கூடுதலாக, 808 நனோமீற்றர் அகச்சிவப்பில் குறைவாக. வெளிறிய தோலில் வகுத்த அளவை எங்கள் நோயாளியில் அப்படியே போட முடியாது. 808 கண்ணுக்குத் தெரியாது என்பதால் அறையில் இருக்கும் எல்லோருக்கும், வாசலில் எட்டிப் பார்க்கும் உறவினர் உட்பட, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

எலியும் மனிதரும்

காணொளியில் காட்டிய புண் எலியினுடையது. இந்தத் துறையில் வெளிவரும் முடிவுகளில் பெரும்பகுதி அப்படித்தான். இளம் எலியின் முதுகில் வட்டமாகத் தோலை எடுத்து, கிருமியை விட்டு, ஓரிரு நாளில் சிகிச்சை கொடுத்து, இரண்டு வாரத்தில் மூடிய புண்ணைப் படம் பிடிக்கிறார்கள். எலியின் தோலுக்கு அடியில் மெல்லிய தசைத் தகடு ஒன்று இருக்கிறது, அது புண்ணை இழுத்துச் சுருக்கி மூடிவிடும். நம் காலில் அது இல்லை. அடியிலிருந்து சதை வளர்ந்து, ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்து வரவேண்டும். ஏழு வாரம் முதிர்ந்த, நீரிழிவுக்காரரின் படலத்துக்கு அந்த எலி பதில் சொல்லாது.

மனிதரில் பார்த்தவையும் இருக்கின்றன. பிரித்தானியாவில் 16 ஆறாத கால் புண்களிலும் 16 நீரிழிவுப் பாதப் புண்களிலும் மெதிலீன் நீலத்தின் உறவுச் சாயம் ஒன்றைப் பூசிச் சிவப்பு ஒளி கொடுத்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஒளி கொடுத்தவுடன் கிருமி எண்ணிக்கை குறைந்தது. அது சாயம், நனோ துகள் இல்லை, ஆய்வும் சிறியது. தங்கம் பூசிய நனோ உருண்டைகளை உடம்புக்குள் ஏற்றி அகச்சிவப்பு லேசரால் சூடாக்கிய ஆய்வு 2019இல் வந்தது, 16 பேரில், புரொஸ்டேட் கட்டிக்காக. தங்கம் உடம்பில் கரையாது. இரத்தத்தில் கலந்தால் ஈரலிலும் மண்ணீரலிலும் நெடுநாள் தங்கும். புண்ணில் பூசி, வேலை முடிந்ததும் கட்டோடு எடுத்துவிடும் வடிவங்களே எங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இலங்கையில் நனோ பொருட்களைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஹோமாகமையில் அதற்கென்றே நிறுவனம் இருக்கிறது. ஆனால் புண்ணில் வைக்கும் பொருள், கிருமி நீக்கிய தயாரிப்பு, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே அளவுத் துகள், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி என்று பாதை நீளம். மகனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அம்மாவுக்கு இது வராது" என்றார். இந்தப் புண்ணுக்கு வராது என்றேன்.

முடிவு

கட்டு மாற்றும் இடைவெளியைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் படலத்தைச் சுரண்டி, கடைசியில் சதை சிவந்து வந்ததும் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டினோம். ஓரத்தில் ஒரு நகத்தளவு மட்டும் பிடிக்கவில்லை, அது தானாக மூடியது. காயம் பட்டதிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் பெரும்பகுதிக்கு அவருக்குப் பேர் விழவில்லை. இன்சுலின் ஊசியை மருமகள் போடுகிறார். காலை மூடும் சப்பாத்து வாங்கச் சொன்னோம், மழையில் வழுக்கும் என்று மலைக்குப் போடுவதில்லை என்கிறார்.

ஒளிச் சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் பரிசோதனை ஒன்று என்றைக்காவது வந்தால், யாரை முதலில் சேர்ப்பேன் என்று வார்டில் பேசிக்கொண்டோம். காய்ச்சல் விட்டவர், நாடி நன்றாக இருப்பவர், எலும்பு தப்பியவர், சுரண்டிய பிறகும் படலம் திரும்புபவர். ஒளி கொடுத்த அன்று மட்டும் எண்ணாமல், மூன்றாம் நாளும் தசைத் துண்டு எடுத்துக் கிருமியை எண்ண வேண்டும். உணர்ச்சி இழந்த காலுக்குச் சூட்டு முறை வேண்டாம், சாயமோ ஒட்சிசன் வழித் துகளோ போதும் என்பது என் கட்சி. அறுவைச் சிகிச்சைப் பிரிவு நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. வெப்பநிலைக் கருவி இருந்தால் சூடும் கொடுக்கலாம், ஒட்சிசன் இல்லாத படலத்துக்கு வேறு என்ன வழி என்கிறார். கருவியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்கத் தாதி ஒருவர் கிடைத்தால் அவர் சொல்வதையும் யோசிக்கலாம்.